பம்பாய் மையத்து மல்லிகா

கல்யாணில் இறங்கியது என் தவறுதான். பெட்டியில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் மூட்டை முடிச்சுகளோடு எழுந்து நின்றன. எதிர் இருக்கைப் பெண் என்னைப் பார்த்து, "பாம்பே வந்துட்டு, நீங்க இறங்கலையா?" என்றாள். அவளுக்கு வீடு கல்யாணில். ஆகவே அவளுக்குக் கல்யாண்தான் பம்பாய். நானும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். ரயில் நகர்ந்த பிறகுதான் பலகையைப் படித்தேன்.

அங்கிருந்து லோக்கல் ரயில். பெண்கள் பெட்டியில் ஒருத்தி, நான் எங்கே இறங்கவேண்டும் என்று இந்தியில் கேட்டாள். மாட்டுங்கா என்றேன். "மாட்டுங்காவா, மாட்டுங்கா ரோடா?" என்றாள். இரண்டு இருப்பது எனக்குத் தெரியாது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நிலையம் ஜன்னலில் வேகமாக ஓடி மறைந்தது. "அதோ போகிறது உங்கள் மாட்டுங்கா. இது ஃபாஸ்ட் வண்டி, அங்கே நிற்காது" என்றாள், இரங்கல் தெரிவிப்பதுபோல. தாதரில் இறங்கி, நின்று நின்று போகும் இன்னொரு வண்டியில் திரும்பி வந்தேன். எங்கள் ஊரில் நாளுக்குச் சில ரயில்கள்தான். அதில் ஒன்று நிற்காமல் போனால் மறுநாள் பத்திரிகையில் வந்துவிடும்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். தெற்கு மாவட்டம் ஒன்றில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு ஆண்டு விழா வருகிறது. அதையொட்டி அதன் வரலாற்றை நூலாகக் கொண்டுவரும் குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள். முதல் வகுப்புகள் ஒரு பழைய பருத்திக் கிடங்கில் நடந்தன. மழை பெய்தால் பேராசிரியர் பேசுவது கேட்காது. பிறகு ஊருக்கு வெளியே கருவேலங்காட்டில் நிலம் கிடைத்தது. கட்டடம் எழும்பியது, கல்லூரிகள் ஒவ்வொன்றாக வந்து இணைந்தன. ஆனால் பல்கலைக்கழகம் உண்மையில் பெருத்தது அஞ்சல் வழிக் கல்வியில்தான். பாடங்களை அச்சடித்துச் சாக்குப் பைகளில் கட்டி அனுப்பினார்கள். எங்கள் மாணவர்களில் பாதிப்பேரை நேரில் பார்த்தவர் தபால்காரர் மட்டும்தான் என்று சொல்லலாம். தெற்கிலிருந்து பிழைக்கப் போனவர்கள் நிறைந்த பம்பாயிலும் ஒரு மையம் திறந்தார்கள். பின்னால், மாநிலத்துக்கு வெளியே மையம் நடத்தக்கூடாது என்று விதி வந்தது. மூடினார்கள். எங்களிடமிருந்து பிரிந்து இன்னொரு பல்கலைக்கழகமும் உண்டாகி, பாதிக் கல்லூரிகளைக் கொண்டுபோயிற்று.

பம்பாய் மையம் என் பங்கு. "ஒரு பத்தி, ஒரு படம், போதும் மேடம்" என்றார் பதிவாளர். படத்துக்கு ஆளும் அவரே சொன்னார். தேர்வுப் பிரிவு அலமாரியில், யாரும் வந்து வாங்காத பதக்கம் ஒன்று சிறு பெட்டியில் கிடந்தது. பி.ஏ. வரலாற்றில் முதலிடம், எஸ். மல்லிகா, பம்பாய் மையம். அலுவலகத்தில் அந்தப் பெயருக்கு ஒரு மாட்டுங்கா முகவரி கிடைத்தது. அதை வைத்து விசாரித்துக் கிடைத்த எண்ணில் பேசியபோது அவர் கணவர் எடுத்தார். "வாங்கோ வாங்கோ" என்றார். பதக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டாம், நேரில் கொடுத்து அந்த முகத்தைப் படம் எடுத்து வாருங்கள் என்பது பதிவாளரின் யோசனை.

கிங்ஸ் சர்க்கிள் அருகே அறை. முதல் வேலையாகச் சாப்பிடப் போனேன். இங்கே ஓட்டலில் நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆள் நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறார். கோபமில்லை, அவசரமுமில்லை. நம் இட்லியை மட்டும் பார்க்கிறார். நான் ரசவடையை விழுங்கிவிட்டு எழுந்தேன். வெளியே வாழையிலையும் மல்லிகைப்பூவும் நம் ஊர்க் கடைத்தெருப்போலவே பரப்பி வைத்திருந்தார்கள். தமிழில் விலை கேட்டேன். பூக்காரர் இந்தியில் பதில் சொன்னார். இந்தியில் தடுமாறினேன். தமிழில் திருத்தினார்.

மல்லிகா மாமியின் வீடு இரும்புக் கதவு போட்ட பழைய லிப்ட் உள்ள கட்டடத்தில் மூன்றாவது மாடி. பூர்விகம் பாலக்காடு. பிறந்தது, வளர்ந்தது, அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வு பெற்றது எல்லாம் இங்கேதான். கணவர் ராமநாதன் மடிப்புக் கலையாத சட்டையில் நின்றார். யூனிவர்சிட்டியிலிருந்து ஆள் வருவதாகக் கட்டடம் முழுக்கச் சொல்லியிருந்தார் போல. நான் லிப்டில் ஏறும்போதே இரண்டு கதவுகள் திறந்து மூடின.

காப்பி ஆனதும் பெட்டியை மாமியிடம் நீட்டினேன். கைபேசியைப் படம் எடுக்கத் தயாராகப் பிடித்துக்கொண்டேன். மாமி திறந்து பார்த்தார். எழுத்துகளைப் படித்தார். பிறகு மூடித் திரும்ப என்னிடமே நீட்டினார்.

"இது என்னோடது இல்லம்மா."

"நீங்கதானே எஸ். மல்லிகா? பி.ஏ. ஹிஸ்டரி, பாம்பே சென்டர்?"

"எல்லாம் நான்தான். ஆனா நான் தேர்ட் கிளாஸ். அதுவும் ரெண்டு பேப்பர் திரும்ப எழுதி."

"அவாளே தேடிண்டு வந்து குடுக்கறா. வாங்கி வெச்சுக்கோயேன்" என்றார் ராமநாதன்.

"நீங்க சும்மா இருங்கோ" என்று அவரை அடக்கிவிட்டு மாமி என் பக்கம் திரும்பினார். "எங்க கிளாஸ்ல ரெண்டு மல்லிகா. ரெண்டு பேருக்கும் எஸ். தான் இனிஷியல். என் அப்பா சுப்பிரமணியம், அவ அப்பா சுடலைமுத்து. ஊர்லேர்ந்து பாடம் எடுக்க வர சார், மாட்டுங்கா மல்லிகா, தாராவி மல்லிகான்னுதான் கூப்பிடுவார். ஃபர்ஸ்ட் வாங்கறதுன்னா அவதான் வாங்கியிருப்பா. ஞாயித்துக்கிழமை கிளாஸ் முடிஞ்சதும் ரெண்டு பேரும் பார்க்குல உக்காந்துப்போம். எனக்கு அக்பரையும் ஔரங்கசீப்பையும் பிரிச்சுக் காட்டினதே அவதான்."

"இப்ப அவங்க எங்கே இருக்காங்க?"

"தாராவிலதான் இருப்பா."

"தாராவி இங்கேர்ந்து எவ்வளவு தூரம் மாமி?"

மாமிக்குப் பதிலாக ராமநாதன் ஜன்னல் பக்கம் கை காட்டினார். "ரயில் பாதைக்கு அந்தண்டை."

"நான் போனதில்லை" என்றார் மாமி.

படி இறங்கி வந்து தெருவோரத்தில் நின்று பதிவாளரை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். "பேர் ஒண்ணுதானே மேடம்? இவங்களையே ஒரு படம் எடுத்துட்டு வந்துருங்க" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறாரா, உத்தரவா என்று விளங்கவில்லை. கேட்பதற்குள் வைத்துவிட்டார். மேலே பார்த்தேன். மாமி ஜன்னலில் நின்றுகொண்டு, "நாளைக்கு தாராவிக்கு நானும் வரேன்" என்றார்.

மறுநாள் காலை. தாராவி என்றதும் டாக்சிக்காரர், "அறுபதடி ரோடா, தொண்ணூறடி ரோடா?" என்று கேட்டார். மாமி என்னைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க இந்த ஊரில் இருந்தவர் அவர். வந்து ஒருநாள் ஆனவள் நான். "தொண்ணூறு" என்றேன், பெரிய எண்ணாக இருக்கட்டும் என்று. அது சரியாக அமைந்தது தற்செயல்தான். இறங்கியதும் காதில் விழுந்தது எங்கள் ஊர்த் தமிழ். ஒரு பெண்மணி, "ஏ, அங்கன வண்டிய விடாத, மாவு காயுது" என்று யாரையோ இந்தியும் கலந்து வைதுகொண்டிருந்தார். ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்து, எங்கள் பேருந்து நிலையத்திலேயே இறங்கிவிட்டதுபோல இருந்தது.

சுடலைமுத்து மகள் மல்லிகா என்று கேட்டோம். எந்தச் சுடலைமுத்து என்று கேட்டார்கள். டெய்லர் சுடலைமுத்துவா, பால்கார சுடலைமுத்துவா, காலமாகிவிட்டவரா, ஊருக்குப் போய்விட்டவரா? ஆளுக்கு ஒரு சந்துப் பக்கம் கை காட்டினார்கள். இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள். மேலே ஒயர்கள், கீழே சாக்கடை மூடிய பலகைகள், பக்கத்தில் ஒரு அறைக்குள் தோலை அறுக்கும் இயந்திரம், அடுத்த அறையில் முறுக்கு வேகும் வாசனை. மாமி புடவையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தார்.

கடைசியில் ஒரு மல்லிகாவிடம் கொண்டுபோய் விட்டார்கள். அப்பா பெயரும் சரியாக இருந்தது.

"பி.ஏ. படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"எட்டாப்பு" என்றார் அவர். நான் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு, "பரவால்ல, குடுங்க. நம்ம ஊரு காலேஜிதான?" என்று கையை நீட்டினார். அவரைவிட அதிகமாகச் சிரித்தது மாமி. காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு எதிர்க் கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். காஜா பாய் என்று கூப்பிட்டார்கள். தென்காசிப் பக்கத்துக்காரர். தோல் பையும் பெல்ட்டும் தைக்கும் பட்டறை வைத்திருந்தார். உட்காரவைத்து டீ சொன்னார்.

"இன்சூரன்ஸ் மல்லிகாவயா தேடுதிய? அவுக அண்ணன் பேச்சிமுத்து அந்தக் கடேசி சந்துல இருக்காரு. அந்தப் புள்ள செம்பூருக்குப் போயி ரொம்ப நாளாச்சு. எனக்கு ரெண்டு பாலிசி போட்டுக் குடுத்திருக்கு."

"படிச்சவங்களா?"

"படிப்புன்னா உசிரு. பகல்ல இங்கதான் கார்மெண்ட்ஸ்ல பட்டன் தச்சுது. என்ன, பரீட்சையில காப்பி அடிச்சு மாட்டிக்கிட்டுன்னு சொல்லுவாவ. ரிசல்ட்ட நிறுத்தி வச்சுட்டாவளாம். பொறவு அவுக அப்பா அவசர அவசரமா ஒரு மாப்பிள்ளையப் பாத்து கல்யாணுக்குக் கட்டிக் குடுத்துட்டாரு. எல்லாம் பழைய கதை."

"காஜா பாய், அவங்க யூனிவர்சிட்டியிலேயே முதலிடம்" என்றேன்.

அவர் டீக் கிளாசை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "காப்பி அடிச்ச ஆளுக்கா?"

எனக்கும் அதேதான் விளங்கவில்லை. மாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கடையில் தொங்கிய பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காஜா பாய் கைபேசியில் அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். "அக்கா, ஊர்ல இருந்து யூனிவர்சிட்டி ஆளு வந்திருக்காவ, ஒங்களத் தேடி." "எதுக்கு?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். உங்களைப் பார்க்கவேண்டும் என்று நான் சொன்னேன். "நாளைக்கு செம்பூருக்கு வாங்க. மத்தியானம். காலைல கிளையண்ட் மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டார். பேச்சின் நடுவே காஜா பாய் இரண்டு முறை கைபேசியை நீட்டியபோதும் மாமி வாங்கவில்லை.

திரும்பும் டாக்சியில்தான் மாமி பேசினார்.

"ரிசல்ட் போர்டை நானும் பார்த்தேன்மா. என் நம்பர் இருந்தது. அவ நம்பருக்கு நேரே நிறுத்தி வைக்கப்பட்டதுன்னு எழுதியிருந்தது. அப்படிப் போட்டா காப்பிதான்னு எல்லாரும் சொன்னா. எக்ஸாம் ஹால்ல அவ எனக்கு முன்னாடி பெஞ்ச். தலையே நிமிர மாட்டா. அது எனக்குத் தெரியும். ஆனாலும் எல்லாரும் சொல்றச்சே நான் வாயைத் திறக்கலை."

அன்று மாலை அறைக்கு வந்ததும் தங்கையா சாரைக் கைபேசியில் கூப்பிட்டேன். எங்கள் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மையத்தில் ஒரே பெயர், ஒரே இனிஷியல் என்றதும் அவர் அங்கேயே முடித்துவிட்டார்.

"மார்க்கு ரெண்டும் கலந்துருமோன்னு பயந்து ஒண்ண மட்டும் நிறுத்தி வச்சிருப்போம் மேடம். அந்தக் காலத்துல எல்லாம் கையெழுத்து வேலைதானே. மையத்துக்குக் கடிதம் போட்டு, இது இந்த ஆளுதானான்னு கேட்டு, பதில் வந்ததும் வெளியிடுவோம்."

"காப்பி அடிச்சதுக்கு நிறுத்தினதில்லையா?"

"காப்பின்னா மெடல் எப்படி மேடம் வரும்? ரிசல்ட் தெளிவாகித்தான் ராங்க் போட்டிருப்போம். அதுக்குள்ள மையம் இடம் மாறியிருக்கும். சான்றிதழ் அனுப்பியிருப்போம், ஆள் இல்லன்னு திரும்பி வந்திருக்கும்."

"அப்ப அந்த அம்மாகிட்ட யாரும் சொல்லலையா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "யாரு சொல்லுவா மேடம்?" என்றார்.

மூன்றாம் நாள் கிங்ஸ் சர்க்கிள் நிலையத்தில் நானும் மாமியும் ரயில் ஏறினோம். மாமி இத்தனை வருடமும் அலுவலகத்துக்குப் போனது வேறு பாதையில். இந்தப் பாதை அவருக்கும் புதிது. வடாலாவில் மாறவேண்டும் என்று ராமநாதன் தாளில் படம் போட்டுக் கொடுத்திருந்தார். நாங்கள் எதிர்த்திசை வண்டியில் ஏறிவிட்டோம். மாஹிம் வந்தது. "மாஹிம் ஏன் வருது?" என்று மாமி பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மராத்தியில் கேட்டார். "ஏனென்றால் நீங்கள் மாஹிம் வண்டியில் ஏறியிருக்கிறீர்கள்" என்றாள் அவள். இறங்கினோம். மேம்பாலத்தில் ஏறி இறங்கி அடுத்த நடைமேடைக்கு வந்ததும் மாமிக்கு மூச்சு வாங்கியது. ஆளுக்கு ஒரு வடாபாவ் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் சாப்பிடவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"அவ என்னை உள்ளே விடுவாளா?" என்று கேட்டார்.

"வடாபாவ் ஆறிடும் மாமி" என்றேன்.

செம்பூரில் உயரமான கட்டடம். கதவைத் திறந்தவர், நான் மனதில் வைத்திருந்த எந்த மல்லிகாவும் இல்லை. கட்டையாக வெட்டிய தலைமுடி, கையில் ஒன்றும் மேசையில் ஒன்றுமாக இரண்டு கைபேசிகள், சாவிக்கொத்தில் ஸ்கூட்டர் சாவி. என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

"குண்டாயிட்டியே" என்றார்.

"நீயும்தான்" என்றார் மாமி.

உட்கார்ந்ததும் மாமி என்னை முந்திக்கொண்டார். "மல்லிகா, அவா சொன்னதை நானும் நம்பினேன்."

"தெரியும்."

"எப்படி?"

"நீ வரலையே" என்றார் மல்லிகா அக்கா. கோபமாக இல்லை, விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். மாமி கைப்பையின் வாரைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

நான் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, தங்கையா சார் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நடுவில் கைபேசி அடித்தது, பார்க்காமலே நிறுத்தினார். அவருடைய மகள் உள்ளேயிருந்து வந்து பதக்கத்தை எடுத்துப் பார்த்தாள். தமிழ் எழுத்து அவளுக்கு வரவில்லை. "மம்மி, க்யா லிக்கா ஹை?" என்று, என்ன எழுதியிருக்கிறது எனக் கேட்டு, அம்மாவிடமே நீட்டினாள். அவரும் வாங்கிப் பார்த்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை.

"அப்ப நான் காப்பி அடிக்கலன்னு யூனிவர்சிட்டிக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"அந்த வருஷமே தெரிஞ்சிருக்கும்."

"ரெண்டு லெட்டர் போட்டேன். பதிலே வரல. சென்டர் நடந்த ஸ்கூலுக்குப் போய் நின்னேன். வாட்ச்மேன் அப்படி ஒண்ணும் இங்க இல்லன்னுட்டான்." பதக்கத்தை மேசையில் வைத்தார். "ஒண்ணு கேக்கேன். ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. நிறுத்தணும்னா ஏன் என்னைய நிறுத்தினாவ? இவளை ஏன் நிறுத்தல?"

இதை நான் தங்கையா சாரிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. யாரோ ஒருவர் இரண்டு பெயர்களில் ஒன்றைத் தொட்டிருக்கிறார். கண்ணை மூடித் தொட்டாரா, பார்த்துத்தான் தொட்டாரா? எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

மாமி மெல்லச் சொன்னார்: "என்னை நிறுத்தியிருந்தா எங்க அப்பா அன்னிக்கே ஆபீஸ்லேர்ந்து ட்ரங்க் கால் போட்டிருப்பார்."

மல்லிகா அக்கா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. நாங்கள் போய்விடவேண்டுமா, இருக்கவேண்டுமா என்று தெரியவில்லை. மகள் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தபடி, என்ன நடந்தது என்று புரியாமல் இருந்தாள். பிறகு தட்டுகளோடு அவர் வந்தார். பாவ் பாஜி. நான் எங்கள் ஊர்ச் சமையலை எதிர்பார்த்திருந்தேன் என்பதை முகத்தில் படித்துவிட்டார். "சொதி எல்லாம் எங்க மதினிதான் வைக்கும். எனக்கு இதான் வரும்" என்றார். மாமியின் பாவில் மட்டும் இன்னும் கொஞ்சம் வெண்ணெய் வைத்தார். சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

கல்யாணில் முதல் வருடங்கள் கஷ்டம், ஆனால் ரயில்வேயில் இருந்த கணவர் நல்ல மனிதர், அவர்தான் ஏஜென்சி எடுக்கத் தூண்டினார், எடுத்த பிறகு பின்னால் திரும்பிப் பார்க்க நேரமில்லை என்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னார். "டிகிரி இல்லாம ஒண்ணும் குறைஞ்சுபோகல. அது வேற."

ஆண்டு விழாவுக்கு வரவேண்டும், மேடையில் பதக்கம் அணிவிப்பார்கள் என்று நான் ஆரம்பித்தேன்.

"விழா கெடக்கட்டும். அன்னைக்கு ரிசல்ட் பாக்கப் போனது எங்க அண்ணன். எனக்கு வேலை இருந்துச்சு. அவன்தான் போர்டப் பாத்துட்டு, அங்க நின்னவங்ககிட்டக் கேட்டுட்டு வந்து, காப்பின்னு சொன்னான். அப்பாவும் அதையே நம்பித்தான் செத்தாரு. அண்ணன்கிட்ட வந்து சொல்லுவியளா?"

"இப்பவேயா?"

"சாயங்காலம் ஒரு கிளையண்ட். கேன்சல் பண்ணிருதேன்."

டாக்சியில் நான் நடுவில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் இரண்டு மல்லிகா. வழியில் பதிவாளரின் அழைப்பு வந்தது; எடுக்கவில்லை. பருத்திக் கிடங்கு, கருவேலங்காடு, சாக்குப் பைகள் என்று நான் எழுதி வைத்திருந்த பக்கங்கள் நினைவுக்கு வந்தன. வளர்ந்தது, பெருகியது, விரிந்தது என்றே வாக்கியங்கள் முடிந்திருந்தன. இதை அதில் எங்கே வைப்பது? வைத்தால் அச்சில் விடுவார்களா? ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு பத்தியில் அடங்காது என்பது மட்டும் தெரிந்தது. மாமியும் மல்லிகா அக்காவும் என் தலைக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்கில் தாங்கள் உட்கார்ந்த பெஞ்சு மரமா, கல்லா என்று.

பேச்சிமுத்து அண்ணனின் வீடு கடைசிச் சந்தில். கீழே முறுக்குப் பட்டறை, மேலே குடித்தனம். இரும்பு ஏணி. மாமி ஏறிவிட்டார். அண்ணன் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மல்லிகா, சொல்லாம கொள்ளாம வந்திருக்க. யாரு இவங்க?"

"யூனிவர்சிட்டி மேடம். உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

நான் சொன்னேன். மேடையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன், இப்படித் திக்கியதில்லை. ஒரே பெயர் என்பதால் நிறுத்தியது, வேறு காரணமில்லை என்றேன். காப்பி என்பதே கிடையாது என்றேன். முதலிடம் என்றேன். அதைத் தெரியப்படுத்தாதது எங்கள் தவறு என்றேன். அவர் மல்லிகா அக்காவைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"காப்பி இல்லியா?"

"இல்லைங்க."

"மொத மார்க்கா?"

"ஆமாங்க."

எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தான்களைப் போட அவருக்கு நேரமாயிற்று. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஏணியில் இறங்கிப் போய்விட்டார். அவர் மனைவி அடுப்பு மேடையருகே கரண்டியோடு நின்றார்.

"கோவம் வந்தா இப்படித்தான், எந்திரிச்சுப் போயிருவான்" என்றார் மல்லிகா அக்கா. குரல் மத்தியானம் இருந்ததுபோல இல்லை. "சின்ன வயசுல இருந்தே."

யார்மேல் கோபம் என்று எனக்குப் புரியவில்லை. தங்கைமேலா, என்மேலா, அந்த ரிசல்ட் பலகைமேலா? கீழே பட்டறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மதினி டீ கொடுத்தார். குடித்தோம். அவர் வரவில்லை. மாமி என் கையைத் தொட்டு, "போலாமா?" என்றார். மல்லிகா அக்கா கைபேசியைப் பையில் போட்டு, எழுந்து செருப்பைத் தேடி மாட்டினார்.

அப்போது கீழே இயந்திரம் நின்றது. ஏணியில் பல கால்களின் சத்தம். முதலில் பேச்சிமுத்து அண்ணனின் தலை தெரிந்தது. அவர் பின்னால் கைத்தடியோடு ஒரு முதியவர், இடுப்பைப் பிடித்தபடி வயதான இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் காஜா பாய், இன்னும் ஏணியிலேயே நிற்கும் சிலர். அந்தச் சிறிய அறையில் நிற்க இடமில்லை. அண்ணனுக்கு மூச்சு இரைத்தது. கட்டிலைக் காலால் சுவரோரமாகத் தள்ளினார்.

"இவங்ககிட்டயும் சொல்லுங்கம்மா" என்றார் என்னிடம். "அன்னைக்கு நான் இவங்ககிட்டதான் சொன்னேன்."

வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மாமி கைத்தடிக்காரரைக் கட்டிலில் உட்காரவைத்தார். மல்லிகா அக்கா மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க மேடம்" என்றார். "ஏணில நிக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."